நீலம் என்றால் ஆயில்

திருமலைராயன்பட்டினம்,
2.1.2024

அன்பு அக்காவுக்கு,

யேசுவுக்குப் புகழ். உனக்கும், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கப்போகும் மதருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இங்கே நான் சுகம், பட்டறை சுகம். மடத்தில் குளிர் எப்படி? போன வருஷ இருமல் திரும்பி வந்ததா?

பெரிய சங்கதி இருக்கிறது. நம் புது டிப்பர் வந்துவிட்டது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லோடு அடிக்கிறது. நீ மடத்துக்குப் போனபோது இந்த மாதிரி வண்டி நம் ரோட்டில் கிடையாது. அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சின்னத் தொழிற்சாலையே தொங்குகிறது. எஞ்சின் விட்ட புகையில் ஒரு பங்கைக் குழாயில் திருப்பி, குளிரவைத்து, மறுபடி எஞ்சினுக்கே கொடுக்கும் இ.ஜி.ஆர். உனக்குத் தெரிந்த ஆள்தான். அதற்குப் பிறகு புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி. அதற்கும் பிறகு, கேட்டால் சிரிப்பாய், மிச்சமுள்ள விஷத்தை முறிக்க யூரியாத் தண்ணீர். அதற்குத் தனி டேங்க், நீல மூடி. சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நாகூர் வரை ஓட்டிப் பார்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது அக்கா. நடுரோட்டில் நின்று நான் குதித்ததை மீன்காரக் குஞ்சம்மா பார்த்துவிட்டு, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பட்டினச்சேரி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் வண்டி பிடிக்கவில்லை. "தான் விட்ட புகையத் தானே குடிக்கிறதா? எச்சிலக் குடுத்து ஒரு எஞ்சின வளக்கிறதா? ஒரு தகடு வெட்டி அந்த ஓட்டைய அடைச்சுடு" என்கிறார். இங்கே எல்லாப் பட்டறையிலும் அதைத்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். வாய்ச்சண்டை பந்தயத்தில் போய் முடிந்தது. "ஈஸ்டர் வரைக்கும் தகடு இல்லாம, ஒரு லோடு தவறாம ஓடட்டும். ஓடிச்சுன்னா நீ சொல்ற எடத்துக்கு நான் வர்றேன்" என்றார்.

எந்த இடம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஜூலை பதினாறு, ஆயுள் முழுக்க மடம்தான் என்று நீ சத்தியம் செய்யும் நித்திய வார்த்தைப்பாடு. பட்டறையில் தனக்கு அடுத்த ஆள் என்று நினைத்திருந்த மூத்த மகள் மடத்துக்குப் போய்விட்டாள் என்று ஆறு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் ஆக்சிலேட்டரைப் பிடிக்க, நீ காது கொடுத்துக் கேட்டு, சத்தம் சரியானதும் ஸ்பேனரால் பானெட்டில் தட்டுவாயே, இப்போது அந்த வேலை என்னுடையது. நான் தட்டின பிறகும் அவர் ஒரு தடவை குனிந்து தானே கேட்டுப் பார்க்கிறார்.

உன் ஜெபத்தில் ஒரு டிப்பருக்கும் இடம் கொடு.

உன் தங்கை,
ஜெனிட்டா


கார்மேல் மடம்,
7.1.2024, மூன்று ராஜாக்கள் திருநாள்

யேசு மரி சூசை

அன்புள்ள ஜெனிக்கு,

இங்கே எல்லாச் சகோதரிகளும் நலம். இருமல் வரவில்லை. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் சொன்னார், "எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பாவமாகத் தெரியவில்லை."

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். எனக்கு மாதம் ஒரு கடிதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் எழுதவும் முடியாது, வருவதைப் பிரிக்கவும் முடியாது. இந்த வருஷம் அது தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி பாதியிலேயே வருகிறது. ஆகவே கேட்க வேண்டியதைச் சீக்கிரம் கேள்.

எச்சில் பேச்சுக்கு வருகிறேன். அம்மா இருந்தபோது அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடிவைப்பாள், ஞாபகம் இருக்கிறதா? சாம்பல் ஏற்கெனவே எரிந்து முடிந்தது. இனி எரியாது. அதனால்தான் அது தீயை அடக்கும். திரும்பி வரும் புகையும் அப்படித்தான். எஞ்சினுக்குள் தீ மிதமிஞ்சிச் சூடானால், காற்றில் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கும் நைட்ரஜன்கூட எரிந்து நஞ்சாகிவிடும். எரிந்து முடிந்த புகையைக் கொஞ்சம் கலந்தால் சூடு தணியும், நஞ்சு குறையும். எச்சில் என்று சொல்கிறவர்களிடம் சாம்பல் என்று சொல்லிப் பார்.

யூரியாவா? வயலுக்குப் போடும் யூரியாவா? நிஜமாகவே கேட்கிறேன், இது நான் வந்த பிறகு வந்த சமாச்சாரம். வேறு என்றால் டிரைவர் அன்பழகனிடம் தெளிவாகச் சொல்லி வை. நெடுங்காட்டில் அவன் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

இங்கே ஒரு பழைய ஜெனரேட்டர் இருக்கிறது. நாங்கள் தாண்டக் கூடாத மதில் சுவருக்கு வெளியே இருப்பதால் நான் பார்த்ததில்லை. சத்தமும் வாசனையும் மட்டும் ஜெப வேளையில் உள்ளே வரும்.

பட்டறையில் வெல்டிங் செய்கிறவர் கண்ணாடி போடுகிறாரா?

ஆண்டவர் சமாதானம் உன்னோடு.
அக்கா


திருமலைராயன்பட்டினம்,
18.1.2024

அன்பு அக்கா,

சகோதரிகள் எல்லோருக்கும் என் தோத்திரம். நாங்கள் சுகம். பொங்கலுக்கு அன்பழகண்ணன் வீட்டிலிருந்து கரும்பு வந்தது, பட்டறை முழுக்கச் சக்கை.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரச் சத்தத்தில் காதில் விழாது என்று நினைப்பாய். சாம்பல் வந்த இடத்தில் அரம் நின்றது. படித்து முடித்தேன். இரும்பைப் பார்த்துக்கொண்டே, "சாம்பல மூடிவெச்சா தணல் காக்கும், சரி. அதுல சோறு ஆக்க முடியுமா? முழு லோடுல பாலம் ஏறணுமே, இழுவைக்கு என்ன செய்யும்?" என்றார். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "நான் கேட்டதா எழுதாத" என்றார். ஆகவே, அக்கா, நான் கேட்கிறேன். இழுவைக்கு என்ன செய்யும்?

வண்டிமேல் அவருக்கு இருக்கும் உண்மையான கோபம் என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன். சின்ன வயதில், புதுநன்மை வாங்குவதற்கு முன்பே நமக்கு ஞானோபதேசம் போல ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தாரே. கறுப்புப் புகை என்றால்? டீசல் அதிகம். நீலம் என்றால்? ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால்? தண்ணீர் இறங்குகிறது. இந்த வண்டியில் புகையே வருவதில்லை. "நெறமே காட்டாத வண்டிக்கு நான் எதப் பாத்து வைத்தியம் பண்றது?" என்று முந்தாநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருந்தது.

உன் யூரியாக் கேள்வியைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். இது வேறு அக்கா. சுத்தம் செய்த யூரியா, சுத்தம் செய்த தண்ணீர், கேனில் வருகிறது. அன்பழகண்ணன் சின்னக் குழந்தையா என்ன?

இதுவரை ஒரு லோடும் தவறவில்லை.

உன் அன்பு,
ஜெனி

பி.கு. கண்ணாடி போடுவதில்லை.


கார்மேல் மடம்,
4.2.2024

யேசு மரி சூசை

அன்புள்ள ஜெனி,

நலமே. குளிர் குறைந்து பலாப்பிஞ்சு விட்டிருக்கிறது.

இழுவையைப் பற்றிக் கேட்டது நீ இல்லை. நீயாக இருந்தால் அந்த வாக்கியத்தில் ஆறு தடவை அக்கா வந்திருக்கும். கேட்டவருக்குப் பதில்: சோறு ஆக்கும்போது அம்மா சாம்பலை ஒதுக்கிவிடுவாள். முழு லோடில் ஏறும்போது இ.ஜி.ஆர். வால்வு தானாக மூடிக்கொள்ளும். லேசாக ஓடும்போதுதான் திறக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிவிட்டுப் பாலம் ஏறினால் கண்ணாலேயே பார்க்கலாம். தகடு போட்டு அடைப்பதால் ஏறும்போது புதிதாக ஒரு லாபமும் இல்லை.

நீ பயப்பட வேண்டியது வேறு. துறைமுக வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறீர்களா? வண்டி சும்மா இரைந்துகொண்டே நின்றால் புகைக்கரி சேர்ந்து புகையைக் குளிரவைக்கும் கூலரும் வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். வரிசையில் அணைக்கச் சொல். வாரம் ஒருமுறை நெடுந்தூரம் நிறுத்தாமல் விரட்டு. சூடு ஏறினால் வடிகட்டி தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஒருமுறை தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

மேலே எழுதிய கடைசி வரியை அடிக்கலாமா என்று மதரிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

பத்து நாளில் தபசுகாலம். இனி ஈஸ்டருக்குத்தான் உன் எழுத்தைப் பார்ப்பேன். நீ எழுதுவதை நிறுத்தாதே, பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கட்டும். கண்ணாடி வாங்கி மூக்குக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடு.

அக்கா


திருமலைராயன்பட்டினம்,
24.2.2024

அக்கா,

தபசுகால வணக்கம். சுகம் விசாரித்தால் பதில் வர ஈஸ்டர் ஆகும், ஆகவே நீ சுகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. வடிகட்டி விளக்கு மஞ்சளாக எரிந்தது. நீ எழுதியபடி காலி வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே விரட்டினேன். அன்பழகண்ணன் பக்கத்தில். நாகப்பட்டினம் தாண்டினோம், விளக்கு எரிகிறது. "பாப்பா, மாதா கோவிலுக்கே போயிடுவோமா?" என்றார். நெற்றியில் திருநீறு, வாயில் வேளாங்கண்ணி மாதா. சரி என்று அழுத்தினேன். சைலன்சர் பக்கம் கமறலாக ஒரு சூட்டு வாசனை வந்தது. எஞ்சின் சத்தம் ஒரு சுற்றுத் தடித்தது. கோவில் கோபுரம் தெரிகிற திருப்பத்தில் விளக்கு அணைந்தது அக்கா. தன் கரியைத் தானே தின்றுவிட்டது. நாங்கள் இருவரும் போட்ட சத்தத்தில் நடைப்பயணம் வந்த ஜனம் மாதா ஏதோ புதுமை செய்துவிட்டாள் என்று ஓடி வந்தார்கள். நடந்தது புதுமைதான் என்று நான் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஞானமேரி சொன்ன மாதிரியா?" என்றார். உன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். அதற்குப் பிறகு போல்ட் டப்பாவைத் தேடுவது போல உள்ளே போய்விட்டார்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை இனி இதே பயணம். ஈஸ்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஜெனி


திருமலைராயன்பட்டினம்,
12.3.2024

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

வண்டி நின்றுவிட்டது.

முந்தாநாள் வாஞ்சூர் கேட்டில், முழு லோடோடு. முதலில் எச்சரிக்கை விளக்கு, பிறகு இழுவை போய், ஆமை வேகத்தில் தவழ ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன். விஷம் முறியவில்லை என்று கண்டுகொண்டால் வண்டியின் கம்ப்யூட்டர் இப்படித்தான் கட்டிப்போடும். இ.ஜி.ஆரைப் பார்த்தேன், சுத்தம். வடிகட்டி சுத்தம். கடைசியில் நீல மூடியைத் திறந்தேன். குப்பென்று வேப்பெண்ணெய் நாற்றம்.

"அண்ணே, இதுல என்ன ஊத்துனீங்க?"

"யூரியாதான் பாப்பா. தீந்துபோச்சுன்னு வெளக்கு காட்டுச்சு."

"எந்த யூரியா?"

"நம்ம வூட்டு யூரியா. சம்பாவுக்கு வாங்குனதுல மிச்சம் கெடந்துச்சு. போர்த் தண்ணில நல்லாக் கரைச்சு, வேட்டில வடிகட்டித்தான் ஊத்துனேன். நெல்லே அதுல அப்புடிப் பச்சை கட்டுது, வண்டிக்கு ஆவாதா?"

மூட்டை யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அந்த எண்ணெயும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து, தெளிக்கும் மூக்கில் வெள்ளையாகக் கட்டி, கல்லாக இறுகிவிட்டது. அவர்மேல் கோபமே வரவில்லை அக்கா. நீ ஜனவரியிலேயே எழுதினாய். நான் சிரித்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டேங்க்கை இறக்கிக் கழுவிக்கொண்டிருக்கிறேன். மூக்கை வெந்நீரில் ஊறவைத்திருக்கிறேன், கட்டி கரைகிறது. வண்டி பிழைத்துவிடும். வண்டியைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஜெனி


திருமலைராயன்பட்டினம்,
24.3.2024, குருத்து ஞாயிறு

அக்கா,

வண்டி ஓடுகிறது, முன்னைவிட நன்றாக. பூசையில் மந்திரித்த குருத்தோலையை வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். அன்பழகண்ணன் இப்போது நீல மூடிமேல் கரியால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறார்: வயல் யூரியா அல்ல.

அப்பாவிடம் வாதாடிப் பார்த்தேன். இ.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தகடு போட்டிருந்தாலும் யூரியா யூரியாதான் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நின்னுச்சா இல்லையா?" என்றார். நின்றது என்றேன். "லோடு தவறிச்சா இல்லையா?" தவறியது. "அவ்வளவுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

தோற்றுவிட்டேன் அக்கா. உன் பங்கையும் சேர்த்து வைத்துத் தோற்றேன்.

ஜெனி


கார்மேல் மடம்,
7.4.2024

யேசு மரி சூசை
அல்லேலூயா

என் ஜெனிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு எல்லா மகிழ்ச்சியும் தருவாராக.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் மதர் மூன்று கவர்களையும் ஒன்றாகக் கொடுத்தார். வரிசைப்படி படித்தேன். வேளாங்கண்ணித் திருப்பத்தில் நானும் சத்தம் போட்டுவிட்டேன். அடுத்ததில் வேட்டியில் வடிகட்டிய இடம் வந்தபோது சாப்பாட்டு அறையில் எல்லோரும் கேட்டு, படித்துக் காட்டச் சொல்லி, எண்பது வயதுச் சகோதரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்பழகனிடம் சொல், ஈஸ்டர் அன்று ஒரு மடத்தையே மகிழ்வித்தான் என்று. மூன்றாவதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நின்றது நின்றதுதான். அவர் சொன்னது நியாயம். நீ வருந்தாதே.

ஜெனரேட்டர் இரைச்சல் இந்த மாதம் கூடியிருக்கிறது. ஒரு சிலிண்டர் மற்றவற்றுக்குப் பின்னால் வருகிறது போலக் கேட்கிறது. வார்த்தைப்பாட்டு நாளில் மின்சாரம் நின்றால் பாடகர் குழு இதோடு போட்டி போட வேண்டியதுதான்.

எனக்குப் புது உடுப்புத் தைக்கிறார்கள். வெளிக்கோவிலில் குடும்பத்தாருக்கு எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று மதர் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

கண்ணாடி தொங்குகிறதா?

அக்கா


திருமலைராயன்பட்டினம்,
20.4.2024

அன்பு அக்கா,

ஈஸ்டர் வாழ்த்து, பிந்திய சித்திரை வாழ்த்து. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம். கண்ணாடி தொங்குகிறது. தொங்குவது மட்டும்தான்.

ஒரு விசித்திரம் கேள். பந்தயம் ஜெயித்தவர் தகடு வெட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. நேற்றுக் காலை நான் வருவதற்குள் இ.ஜி.ஆர். கூலரைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு குழாயாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்கேனர், சார்ஜ் தீர்ந்து கிடந்தது. என்னப்பா இது என்றேன். "அடைச்சிருந்தா எரிச்சலா இருக்கும்ல" என்றார். எஞ்சினுக்கா அவருக்கா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

சரி, இப்போதாவது வாருங்களேன் என்றேன். "பந்தயம் பந்தயந்தான். நின்ன வண்டிய வெச்சுக்கிட்டு நீ ஜெயிச்சேன்னு நான் எப்படி ஒத்துக்கறது?" முகத்தைப் பார்த்தால் அவரே அதில் மாட்டிக்கொண்டு தவிப்பது தெரிகிறது. வர ஒரு காரணம் இருந்தால் வருவார் என்று தோன்றுகிறது. என்னால் ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்டுபிடித்தால் என் தந்திரம் என்று ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

நாற்காலி ஒன்று என்று மதரிடம் சொல்லிவிடு. அதில் நான் இரண்டு பேராக உட்காருகிறேன்.

ஜெனி


கார்மேல் மடம்,
5.5.2024

யேசு மரி சூசை

அன்புள்ள ஜெனி,

எல்லோரும் நலம். இந்த மாதம் சுருக்கமாக எழுதுகிறேன், வேலை அதிகம்.

ஜெனரேட்டர் விஷயம் ஒருவழியாகத் தீர்ந்தது. வெளிவாசலைப் பார்க்கும் சிஸ்டரிடம் புகை என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றார். நீலப் புகை என்றால் டீசல் அதிகமாக இறங்குகிறது என்றுதானே அர்த்தம். பம்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சரியாகிவிடும், ஆயில் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்று மதரிடம் சொல்லியிருக்கிறேன். ஜூலையில் யாராவது ஒரு ஆளைக் கூப்பிட்டுக் குறைக்கச் சொல்வார்கள்.

பட்டறையில் யாருக்காவது வேறு அபிப்பிராயம் இருந்தால் எழுதவும்.

நாற்காலி எண்ணிக்கையை மதரிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா


திருமலைராயன்பட்டினம்,
15.5.2024

அடி அக்கா,

யேசுவுக்குப் புகழ். சுகம் விசாரிக்க நேரமில்லை.

உன் கடிதத்தை வழக்கம்போல் சத்தமாகப் படித்தேன். அப்பா வெல்டிங்குக்குக் குனிந்திருந்தார். நீலப் புகை என்றால் டீசல் என்ற இடம் வந்ததும் எனக்கே நாக்குக் குழறிவிட்டது. இரண்டாம் தடவை படித்துப் பார்த்தேன், உன் கையெழுத்துதான். அப்பா எழுந்தார். "என்ன படிச்ச?" என்றார். படித்தேன். "இன்னொரு தடவ படி." படித்தேன். ஆயில் பக்கம் பார்க்கவே வேண்டாம் என்ற இடத்தில் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவளுக்கு என்ன ஆச்சு? நீலத்தப் போயி டீசல்ங்கிறா. எவனாவது வந்து பம்பத் திருகுனான்னா எஞ்சினே போச்சு. ஆறு வருசத்துல எல்லாத்தையும் மறந்துட்டாளா?" பட்டறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அன்பழகண்ணன் மெதுவாக, "ஒரு லெட்டர் போட்டாத் தெரிஞ்சுப்பாங்கல்ல" என்றார். அப்பா அவரை முறைத்தார். பிறகு என்னிடம் காகிதம் கேட்டார் அக்கா. காகிதம் கேட்டார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

உன்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத் தப்பாகச் சொல்ல மாட்டாய். சிலிண்டர் பின்னால் வருவதைச் மதிலுக்கு உள்ளேயிருந்தே கேட்கிறவளுக்கு நீலம் தெரியாதாம். இது பாவசங்கீர்த்தனத்தில் பொய் என்று சொல்ல வேண்டிய கணக்கா இல்லையா என்று நீயே மதரிடம் கேட்டுக்கொள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை, அவர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

எத்தனை நாற்காலி என்று மதரிடம் இப்போது சொல்லலாம்.

ஜெனி


திருமலைராயன்பட்டினம்,
15.5.2024

மகள் ஞானமேரிக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீலம் என்றால் ஆயில். கறுப்புதான் டீசல். இது உனக்கு மறந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. பம்பைத் தொட வேண்டாம். யார் வந்தாலும் தொடவிடாதே. ரிங் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் வால்வு சீல் போயிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமா, எப்போதும் நீலமா என்று பார்க்க வேண்டும். அந்த சிஸ்டரின் கண் எப்படி என்று எனக்குத் தெரியாது. நானே பார்ப்பதுதான் நல்லது.

பந்தயத்தில் ஜெனி தோற்றாள். அதில் மாற்றம் இல்லை. நான் வருவது ஜெனரேட்டருக்காக. ஜூலை பதினாறாம் தேதி பட்டறைக்கு லீவு விட்டிருக்கிறேன். முந்தின நாளே வந்து எஞ்சின் ஹெட்டைக் கழற்றி வேலையை முடித்துவிடுவேன். பூசை நேரத்தில் அது இரையக் கூடாது.

நீ எழுதினதை எல்லாம் ஜெனி படித்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாம்பல் சொன்னது சரி. முழு லோடில் வால்வு மூடும் என்றதை வாஞ்சூர்ப் பாலத்தில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தேன். அதுவும் சரி. அவ்வளவு சரியாகச் சொன்னவள் நீலத்தில் எப்படித் தப்பினாய் என்று யோசித்தேன். யோசித்ததில் ஒரு காரணம் தெரிந்தது. அதை எழுதவில்லை.

இன்றையிலிருந்து வெல்டிங்குக்குக் கண்ணாடி போடுகிறேன்.

ஜெனரேட்டர் மதிலுக்கு வெளியே இருக்கிறது, நீ அங்கே வர முடியாது என்று ஜெனி சொன்னாள். வர வேண்டாம். வேலை முடிந்ததும் நான் வெளியே நின்று எஞ்சினை ஓடவிடுகிறேன். நீ உள்ளே நின்று காது கொடுத்துக் கேள். சத்தம் சரியானதும் சுவரில் தட்டு. நீ தட்டினால் நான் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா
அற்புதராஜ்